குடும்பத்தோடு ஊருக்குப் போய் மரதன் ஓடுவது எப்படி: கொழும்பிலிருந்து வெளிக்கிடுகிறவர்களுக்கு

ஊர் மரதனில் 30ஆவது கிலோமீற்றருக்குப் பிறகு கால் பிடித்து ஓரமாக நிற்கிறவரிடம் விசாரித்துப் பாருங்கள். கதை வெள்ளிக்கிழமையிலேயே தொடங்கும். வான் சீற்றில் ஒன்பது மணித்தியாலம் மடங்கி இருந்தது, சனி மத்தியானம் கோயில் வீதியில் வெறுங்காலோடு நின்றது, இரவு மாமி வீட்டு நண்டுக் கறி. நாலு மாதம் விடியற்புறம் எழும்பி ஓடிச் சேர்த்ததெல்லாம் இரண்டு நாளில் போய்விடுகிறது. பயிற்சிக்குப் போடுகிற அளவு திட்டம் அந்தப் பயணத்துக்கும் வேண்டும்.

முதலில் நாள் ஒழுங்கு. ஓட்டம் பயணத்தின் தொடக்கத்தில் வரவேண்டும். ஞாயிறு ஓட்டம் என்றால் வெள்ளி காலை வெளிக்கிடுங்கள், சனி ஓய்வு, ஞாயிறு ஓட்டம், திங்கள் முதல் ஊர் சுற்றலாம். கடைசி நாளில் ஓட்டத்தை வைத்தால், "அப்பாவுக்குக் கால் களைக்கும், கடலுக்கு நாளைக்குப் போவம்" என்றே பிள்ளைகளின் விடுமுறை முழுவதும் கழியும். அது அவர்களுக்குச் செய்கிற அநியாயம். வெள்ளி இரவு பஸ்ஸில் ஏறி சனி விடிய இறங்குவதும் சரிவராது. ஓட்டத்துக்கு முதல் இரவு பதற்றத்தில் பலருக்குத் தூக்கம் வராது, அதைத் தாங்கவைப்பது வெள்ளி இரவுத் தூக்கம்தான்.

எந்த மாதம், எந்த ஊர்

ஏப்ரல் முதல் பாதியில் சூரியன் இலங்கைக்கு நேர் மேலே நிற்கும். புத்தாண்டு விடுமுறையில் முழு மரதன் வேண்டாம், 10 கிலோமீற்றரோ அரை மரதனோ போதும். ஓகஸ்டில் யாழ்ப்பாணம் என்றால் சோளகக் காற்றைக் கணக்கில் எடுங்கள். பண்ணைப் பாலம் மாதிரி இருபக்கமும் கடல்நீர் கிடக்கிற வீதியில் ஒதுங்க ஒரு மரமும் இல்லை. நல்லூர்த் திருவிழா 25 நாள் நடக்கும், அந்த நாட்களில் தங்குமிடம் கிடைப்பது பெரும்பாடு. திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கம் கச்சான் காற்று உலர்ந்து சூடாக வீசும். வியர்வை தோலில் நிற்காமல் காய்ந்துவிடுவதால் "எனக்கு வியர்க்கவே இல்லை" என்று நினைத்துத் தண்ணீரை விட்டுவிடுவார்கள். முகத்தில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் நன்றாகவே வியர்த்திருக்கிறது. டிசெம்பரில் வடக்கிலும் கிழக்கிலும் மழை. மழையில் ஓடலாம், ஆனால் காலுறை நனைந்தால் கொப்பளம் வரும்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கடல் மட்டத்தில் பழகிய நெஞ்சுக்கு அங்கே அதே வேகம் கிடைக்காது. மணிக்கூட்டைப் பார்த்து ஓடாமல் மூச்சைப் பார்த்து ஓடுங்கள். பக்கத்தில் வருகிறவரோடு ஒரு முழு வசனம் பேச முடிந்தால் வேகம் சரி.

பதிவு செய்ய முதல் கேட்க வேண்டியவை

சின்ன ஊர் ஓட்டங்களில் மனிதர் அன்பாக இருப்பார்கள், ஏற்பாடு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இராது. தொலைபேசியில் நேரே கேளுங்கள். தண்ணீர் எத்தனை கிலோமீற்றருக்கு ஒருக்கால், அங்கே உப்புச் சேர்ந்த பானம் உண்டா, வீதி மூடப்படுமா அல்லது வாகனத்தோடு சேர்ந்துதான் ஓட வேண்டுமா, எத்தனை மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும், அம்புலன்ஸ் எங்கே நிற்கும், பாதை போய்த் திரும்புகிறதா அல்லது சுற்றா. கடைசிக் கேள்வி குடும்பத்துக்காக. போய்த் திரும்புகிற பாதை என்றால் அவர்கள் ஒரே மரத்தடியில் இருந்துகொண்டே உங்களை இரண்டு தரம் பார்க்கலாம்.

தூரம் எப்படி அளந்தார்கள் என்றும் கேளுங்கள். முறையாக அளக்கிறவர்கள் அளவு சரிபார்த்த சைக்கிளைப் பாவித்து, குறைந்துவிடக் கூடாது என்று கிலோமீற்றருக்கு 1 மீற்றர் கூட்டியே அளப்பார்கள். காரின் மீற்றரை நம்பி அளந்த பாதை 42.195 கிலோமீற்றரிலிருந்து கூடியும் குறைந்தும் இருக்கும். உங்கள் கைக்கடிகாரம் 42.5 காட்டினால் அது பிழையான பாதை என்று அர்த்தமில்லை. வளைவுகளை வெளிப்பக்கமாகச் சுற்றினாலே அவ்வளவு கூடும்.

கொழும்பில் பயிற்சி

களைக்காமல் 12 கிலோமீற்றர் ஓட முடிந்தவருக்கு 16 கிழமை போதும். கிழமையில் நாலு ஓட்டம்: இரண்டு சுகமான ஓட்டம் 6 முதல் 10 கிலோமீற்றர் வரை, ஒன்று கொஞ்சம் வேகமாக, ஞாயிறு நீண்ட ஓட்டம். ஞாயிறுகள் 14, 16, 18, 14, 20, 22, 24, 18, 26, 28, 20, 30, 32, 22, 14 என்று போய், 16ஆவது ஞாயிறு மரதன். இடையிடையே குறைகிற கிழமைகளைத் தாண்டிப் போகாதீர்கள். கால் பலப்படுவது அந்தக் கிழமைகளில்தான். 32 கிலோமீற்றர் ஓட்டத்துக்கும் மரதனுக்கும் இடையில் மூன்று கிழமை இருக்க வேண்டும். தவறவிட்ட தூரத்தைக் கடைசி இரண்டு கிழமையில் ஈடுசெய்ய முடியாது, முயன்றால் களைத்த காலோடு போய் நிற்பீர்கள்.

வெள்ளவத்தைக்காரருக்கு மரைன் டிரைவ் வாசலிலேயே இருக்கிறது. விடிய நாலரைக்கு இறங்கினால் வாகனம் குறைவு, கடற்காற்றும் உண்டு. ஒரு கவனம்: வீதியின் ஓரம் தண்ணீர் வடிவதற்காகச் சரித்துப் போட்டிருக்கும். எப்போதும் ஒரே ஓரத்தில் ஓடினால் ஒரு கால் தாழ்ந்தே விழுந்து முழங்காலின் வெளிப்பக்கம் நோகத் தொடங்கும். ஆகவே போகிற பாதியையும் வருகிற பாதியையும் ஒரே சரிவில் ஓடாதீர்கள். சுதந்திர சதுக்கத்தைச் சுற்றிய நடைபாதையும், பத்தரமுல்லை தியத உயனவை அண்டிய பாதையும் சமமானவை. காலிமுகத் திடலில் பிள்ளைகளை விளையாட விட்டுவிட்டுப் பக்கத்திலேயே சுற்றுப் போடலாம். 1859இல் கட்டி முடித்த அந்த நடைபாதையைக் கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாகப் பேணுங்கள் என்று தனக்குப் பின் வருகிறவர்களுக்குக் கல்லில் எழுதிவைத்துவிட்டுத்தான் ஆளுநர் ஹென்றி வார்ட் போனார்.

கொழும்பில் மேடு இல்லை. மலைநாட்டு ஓட்டத்துக்குப் போகிறவர்கள் அடுக்குமாடிப் படியைப் பாவியுங்கள். கிழமையில் இரண்டு நாள், பத்து மாடி, ஐந்து தரம். ஏறுவதில் மூச்சு வாங்கும், ஆனால் இறங்குவதுதான் முக்கியம். தொடையின் முன்தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குவது இறங்கும்போதுதான், பழகாத தசை மலைச்சரிவில் கிழிபட்டதுபோல் நோகும். ஒவ்வொரு படியாக, சத்தம் வராமல், கைபிடியைப் பிடிக்காமல் இறங்கிப் பழகுங்கள்.

பகல் முழுக்க ஏசிக்குள் வேலை செய்கிறவர்கள் ஓட்டத்துக்கு முதல் இரண்டு கிழமையில் சில ஓட்டங்களை ஏழு, எட்டு மணி வெயிலில் மெதுவாக ஓடுங்கள். பத்துப் பதினான்கு நாளில் உடம்பு சூட்டுக்குப் பழகிவிடும்.

சப்பாத்து பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட்டு இருக்க வேண்டும். வெயிலில் கால் வீங்கும், இடம் இல்லாவிட்டால் நகம் கறுத்துக் கழரும். புதுச் சப்பாத்தைப் பயணத்துக்கென்று வாங்கி வைக்காதீர்கள், குறைந்தது ஒரு 25 கிலோமீற்றர் ஓட்டமாவது அதில் ஓடியிருக்க வேண்டும். பருத்திப் பெனியன் ஈரத்தைப் பிடித்துவைத்துத் தோலை உரசும். தொடை இடுக்கு, அக்குள், ஆண்கள் முலைக்காம்பு எல்லாவற்றுக்கும் வஸ்லின் தாராளமாகப் பூசுங்கள்.

தண்ணீர், உப்பு, இனிப்பு

இதில்தான் அதிகம் பேர் பிழைவிடுகிறார்கள், ஆகவே கொஞ்சம் விளக்கமாக.

ஒரு மணித்தியாலம் ஓடுவதற்கு முன்னும் பின்னும் ஈர உடுப்பில்லாமல் நிறை பாருங்கள். 0.9 கிலோ குறைந்து, இடையில் 300 மில்லிலீற்றர் குடித்திருந்தால், உங்கள் வியர்வை மணிக்கு 1.2 லீற்றர். அவ்வளவையும் திருப்பிக் குடிக்கத் தேவையில்லை, வயிறும் ஏற்காது. மணிக்கு 500 முதல் 700 மில்லி பெரும்பாலானவருக்குச் சரி. தாகத்துக்கு மேல் வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே போனால் இரத்தத்தில் உப்பு ஐதாகித் தலையிடி, வாந்தி, தடுமாற்றம் வரும். மெதுவாக ஐந்து, ஆறு மணித்தியாலம் ஓடுகிறவர்களுக்குத்தான் இந்த ஆபத்து கூட.

வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கிற ஜீவனி பக்கற் ஒன்றை ஒரு லீற்றர் தண்ணீரில் கரைக்க வேண்டும், அரை லீற்றரில் இல்லை. கெட்டியாகக் கரைத்தால் வயிறு புரட்டும். அது உப்புக்கு நல்லது, சக்திக்குக் காணாது. உலக சுகாதார நிறுவன அளவுப்படி ஒரு லீற்றரில் 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கும், மரதன் ஓடுகிறவருக்கோ மணிக்கு 30 முதல் 60 கிராம் மாப்பொருள் வேண்டும். செவ்விளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. ஓட்டம் முடிந்த பிறகு ஒரு சிட்டிகை உப்புப் போட்டு ஆறுதலாகக் குடியுங்கள், ஓடும்போது அதை மட்டும் நம்பாதீர்கள்.

மாப்பொருளுக்கு ஓட்டக்காரர் பாவிக்கிற ஜெல் என்ற இனிப்புக் கூழைப் பாவிக்கலாம், ஒரு பக்கற்றில் ஏறத்தாழ 20 முதல் 25 கிராம் இருக்கும். ஜெல் வயிற்றுக்குப் பிடிக்காதவருக்குப் பனங்கட்டி நல்ல மாற்று. ஒரு குட்டானைக் கத்தியால் கொத்திச் சுண்டுவிரல் நுனியை விடச் சற்றுப் பெரிய, 10 கிராம் துண்டுகளாக்குங்கள். கையில் ஒட்டாமல் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எண்ணெய்க் கடதாசியில் சுற்றிச் சின்னப் பையில் போட்டால் வியர்வையில் கரையாது. ஒரு துண்டில் 9 கிராம் அளவில் இனிப்பு உண்டு. மணிக்கு நாலைந்து துண்டு, ஒவ்வொன்றோடும் இரண்டு வாய் தண்ணீர். தண்ணீரில்லாமல் விழுங்கினால் நாக்கிலும் வயிற்றிலும் பாகாய் நின்றுவிடும். எதைச் சாப்பிடுவதானாலும் 24, 28 கிலோமீற்றர் ஞாயிறுகளில் பரீட்சித்துப் பாருங்கள். முதற் துண்டு 40ஆவது நிமிடத்தில். பசி வரும்வரை காத்திருந்தால் பிந்திவிட்டது.

பயணமும் சனிக்கிழமையும்

வானில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் இறங்கிப் பத்து நிமிடம் நடவுங்கள். சின்னவர்களுக்கும் அது வேண்டியதுதான். வழியில் சீகிரியா ஏறலாம் என்று யாராவது சொன்னால் திரும்பி வரும்போது பார்க்கலாம் என்று சொல்லுங்கள். சுமார் 1,200 படி இறங்கிய தொடை இரண்டு நாளில் ஆறாது. கோயிலுக்குப் போவதென்றால் விடிய அல்லது பின்னேரம் போங்கள். நண்பகல் வெயிலில் கல் வெறுங்காலைச் சுட்டால் ஞாயிறு அதே இடத்தில் கொப்பளம் வரும்.

சனிக்கிழமை 60 கிலோ நிறையுள்ளவருக்கு 480 முதல் 600 கிராம் மாப்பொருள் வேண்டும். 350 கிராம் வெள்ளைச் சோறு ஏறத்தாழ 100 கிராம். இரண்டு வேளை சோறு, நாலைந்து துண்டு பாண் ஜாமோடு, நாலைந்து வாழைப்பழம், சீனி போட்ட தேத்தண்ணி, பின்னேரம் சவ்வரிசிக் கஞ்சி என்று எடுத்தால் கணக்கு வந்துவிடும். மத்தியானச் சாப்பாடு பெரிது, இரவுச் சாப்பாடு சின்னது, ஆறரைக்குள் முடியுங்கள். குரக்கன் புட்டு, சிவப்பரிசி, கீரை, பயறு எல்லாம் நல்ல சாப்பாடு, ஆனால் சனிக்கிழமை வேண்டாம். நார் வயிற்றில் தங்கி ஞாயிறு நடுவழியில் மலசலகூடம் தேட வைக்கும்.

உறவினர் வீட்டில் தங்கினால் சாப்பாட்டை மறுப்பது மனவருத்தம் தரும். ஆகவே மறுக்காமல் நாளை மாற்றுங்கள், போக முதலே தொலைபேசியில். "மாமி, நண்டை ஞாயிறு மத்தியானத்துக்கு வையுங்கோ. சனி இரவு எனக்குச் சோறும் பருப்பும் உருளைக்கிழங்கும் காணும்" என்றால் யாரும் கோபிக்கமாட்டார்கள். மரதன் முடித்துவிட்டு வருகிறவருக்குச் சமைப்பது மாமிக்கும் சந்தோஷம்.

சனி பின்னேரம் குடும்பத்தோடு வானில் பாதையை ஒரு தரம் பாருங்கள். சந்தை எங்கே கூடுகிறது, நாய்கள் எந்த ஒழுங்கையில் படுக்கின்றன, நிழல் எங்கே முடிகிறது, குடும்பம் நிற்க எந்த மரம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு, வீட்டுக்காரருக்கு

ஐந்து மணிக்குத் தொடங்கி கிலோமீற்றருக்கு 6 நிமிடம் 45 செக்கனில் ஓடுகிறவர் 16ஆவது கிலோமீற்றரில் 6.48க்கு வருவார், 30இல் 8.22க்கு, முடிவில் ஏறத்தாழ 9.45க்கு. இந்த மூன்று நேரத்தையும் கடதாசியில் எழுதி, முன்னே பத்து நிமிடம் பின்னே இருபது நிமிடம் இடைவெளி விட்டுக் குடும்பத்திடம் கொடுங்கள். பிள்ளைகளை மூன்று மணிக்கு எழுப்ப வேண்டாம். 30ஆவது கிலோமீற்றரில் நிற்க வந்தால் போதும். ஆள் தளருகிற இடமும் அதுதான், பிள்ளையின் குரல் அங்கேதான் தேவைப்படும்.

ரெஜிபோம் பெட்டியில் வைக்க வேண்டியவை: ஜீவனி கரைத்த அரை லீற்றர்ப் போத்தல் இரண்டு, வெறும் தண்ணீர் ஒன்று, ஐசுக்குள் நனைத்த சின்னத் துவாய் இரண்டு, உரித்த வாழைப்பழம், வஸ்லின், பிளாஸ்ரர். மூடியைத் திறந்து போத்தலின் அடியைப் பிடித்து நீட்டுங்கள், ஓடிவருகிறவர் கழுத்துப் பக்கத்தைப் பிடித்து எடுக்கட்டும். துவாயை அவர் பிடரியில் போட்டுவிடுங்கள்.

பிறகு ஒரு கேள்வி கேளுங்கள். "ஏலுமோ?" என்று கேட்டால் "ஓம்" என்றுதான் பதில் வரும். "இப்ப என்ன நேரம், அடுத்த முறை எங்க சந்திக்கிறம்?" என்று கேளுங்கள். பதில் குழம்பினால், கால் பின்னினால், சம்பந்தமில்லாமல் கோபப்பட்டால், ஓட்டம் அங்கேயே முடிந்தது. நிழலில் கிடத்தி, 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு அழையுங்கள், அது இலவசம். வரும்வரை சும்மா நிற்காதீர்கள். உடுப்பைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, ஐஸ் துவாயைக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வைத்து, விசிறுங்கள். வெப்பத்தாக்கில் முதலில் குளிர்விப்பு, பிறகுதான் ஏற்றிப் போவது. நினைவு மங்கியவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

ஓடுகிறவருக்கு

இரண்டரைக்கு எழும்பி, பாண் ஜாம், ஒரு வாழைப்பழம், பிளேன் டீ. 400 மில்லி தண்ணீரை மூன்றரைக்குள் குடித்து முடியுங்கள். நோவுக்குளிசை, குறிப்பாக டைக்ளோஃபெனாக், ஐபுப்ரொஃபென், ஓட முதல் வேண்டாம். உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது அவை சிறுநீரகத்தைத் தாக்கும்.

முதல் 10 கிலோமீற்றரை நினைத்த வேகத்தை விட 10, 15 செக்கன் மெதுவாக ஓடுங்கள். இருட்டும் குளிரும் கூட்டமும் வேகத்தை மறைக்கும், ஏழு மணிக்குப் பிறகு வெயில் அதைக் கணக்கு வைத்துக் கேட்கும். வீதி திறந்திருந்தால் எதிரே வருகிற வாகனம் தெரிகிற பக்கமாக ஓடுங்கள், நெற்றி விளக்குக் கட்டுங்கள். நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி, அதைப் பார்த்தபடி மெதுவாக நடவுங்கள். கடித்துவிட்டால் அல்லது கீறிவிட்டால் சவர்க்காரமும் ஓடுகிற தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே அரச வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

முடிந்த பிறகு

முடிவுக் கோட்டைத் தாண்டியதும் உட்காராதீர்கள், பத்து நிமிடம் நடவுங்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் உப்புப் போட்ட கஞ்சியோ சோறோ சாப்பிடுங்கள். யாழ்ப்பாணத்தில் இருந்தால் பின்னேரம் கீரிமலைக் கேணிக்குப் போங்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் வேறு வேறு கேணி உண்டு. இடுப்பளவு குளிர்ந்த தண்ணீரில் பத்து நிமிடம் நின்றால் காலின் கொதிப்பு இறங்குவது தெரியும். படி வழுக்கும், கைபிடித்து இறங்குங்கள். திருகோணமலையில் இருப்பவர்கள் கன்னியா வெந்நீர்க் கிணறுகளை இரண்டு நாள் தள்ளிவையுங்கள். வீங்கிய தசைக்குச் சூடு சேராது.

நோவு இரண்டாம் நாள்தான் உச்சத்துக்கு வரும். திங்கள் கடற்கரை, செவ்வாய் குறிகட்டுவானில் படகேறி நயினாதீவு என்று வையுங்கள். படகில் இறங்கும்போது பின்பக்கமாகத் திரும்பி இறங்கினால் தொடை வலிக்காது. ஒரு கிழமைக்கு ஓட்டம் இல்லை.

நனைந்த சப்பாத்துக்குள் பத்திரிகைத் தாளைத் திணித்து நிழலில் காயவையுங்கள், வெயிலில் வைத்தால் பசை விட்டுவிடும். திரும்பி வரும்போதும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் இறங்கி நடவுங்கள். இரண்டு காலும் ஒரே மாதிரி நோவது வழமை. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, தொட்டால் நொந்தால் அது இரத்தம் கட்டியதாக இருக்கலாம். தேய்க்காதீர்கள், கொழும்பு வரும்வரை பொறுக்காமல் வழியில் வருகிற வைத்தியசாலையில் காட்டுங்கள்.